தண்ணீரில் நின்றவரிடம் கேட்ட கேள்விகள்

கி.பி. மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரோம் நகரில் ஒருவர் கிறிஸ்தவராக விரும்பினால் மூன்று வருடம் பொறுத்திருக்க வேண்டும். அந்தக் காலத்து ஒழுங்குகளைச் சொல்லும் 'திருத்தூதர் மரபு' என்ற சிறு நூல் அப்படித்தான் விதிக்கிறது. வந்தவரை உடனே உள்ளே விட்டுவிடவில்லை. கூட்டிவந்தது யார், அவர் இவருக்காகச் சாட்சி சொல்வாரா, இவர் அடிமையா, மணமானவரா, என்ன தொழில் என்று துருவி விசாரித்தார்கள். வேடிக்கை அரங்கில் வாளெடுத்துச் சண்டையிட்டுப் பிழைப்பவர் அதை விட வேண்டும். விலைமாதர் விடுதி நடத்துபவரும் அதை விட வேண்டும். சிலை வடிப்பவர் இனிமேல் தெய்வச் சிலை வடிக்கக் கூடாது. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வாத்தியாருக்கு மட்டும் சற்று இரக்கம் காட்டினார்கள். பழைய கதைகளைக் கற்பிப்பதை அவர் நிறுத்துவது நல்லது, ஆனால் வேறு கைத்தொழில் தெரியாதென்றால் தொடரலாம். இந்தச் சல்லடையில் தேறியவருக்கும் உடனே திருமுழுக்குக் கிடைத்துவிடவில்லை. வகுப்பில் உட்கார ஓர் இடம்தான் கிடைத்தது.

மூன்றாண்டு முடிந்ததும் மறுபடி விசாரணை. எவ்வளவு படித்தார், எத்தனை வசனம் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. விதவைகளை மதித்தாரா, நோயாளிகளைத் தேடிப்போய்ப் பார்த்தாரா, நல்ல காரியங்களைச் செய்தாரா என்று கேட்டார்கள். பதில் சொல்ல வேண்டியவரும் அவரல்ல, அவரைக் கூட்டிவந்தவர். விசுவாசத்தைச் சோதிக்க இதைவிட நேர்மையான தேர்வு எனக்குத் தோன்றவில்லை. தேறியவர்கள் வியாழக்கிழமை குளித்தார்கள். வெள்ளிக்கிழமை நோன்பிருந்தார்கள். சனிக்கிழமை ஆயர் அவர்கள்மேல் கைவைத்துத் தீய ஆவிகளை விரட்டினார். அன்று இரவு யாரும் தூங்கவில்லை. மறைநூல் வாசிப்பு விடிய விடிய நடந்தது. சேவல் கூவும் நேரத்தில் எல்லோரும் தண்ணீர் இருந்த இடத்துக்குப் போனார்கள்.

முதலில் சிறுவர்கள், பிறகு ஆண்கள், கடைசியில் பெண்கள். பெண்கள் கூந்தலை அவிழ்த்துவிட்டு நகைகளைக் கழற்றி வைத்தார்கள். உடையோ அணியோ எதுவும் தண்ணீருக்குள் போகக் கூடாது. பிறந்த மேனியாகத்தான் இறங்க வேண்டும். சாத்தானை விட்டுவிட்டேன் என்று சொன்னவரின் உடலில் எண்ணெய் பூசினார்கள். அவர் தண்ணீரில் இறங்கி நின்றதும், திருமுழுக்குக் கொடுப்பவர் தலையில் கைவைத்து ஒரு கேள்வி கேட்டார். எல்லாம் வல்ல தந்தையாகிய கடவுளை விசுவசிக்கிறாயா? 'விசுவசிக்கிறேன்.' ஒரு முறை அமிழ்த்தினார். இரண்டாவது கேள்வி நீளமானது. இயேசு கிறிஸ்துவைப் பற்றியது: அவர் பிறந்தது, பொந்தியு பிலாத்து காலத்தில் சிலுவையில் அறையப்பட்டது, இறந்தது, மூன்றாம் நாள் எழுந்தது, நடுவராகத் திரும்பி வரப்போவது. மீண்டும் அதே பதில், மீண்டும் ஓர் அமிழ்தல். மூன்றாவது கேள்வி தூய ஆவியையும் திருச்சபையையும் உடலின் உயிர்ப்பையும் பற்றியது. மூன்றாம் முறையும் அமிழ்ந்து எழுந்தார். கிறிஸ்துவோடு புதைக்கப்பட்டு அவரோடு எழுவதே திருமுழுக்கு என்று பவுல் ரோமருக்கு எழுதியிருந்ததை அன்றைய சபை உடலாலேயே நடத்திக்காட்டியது. புது மனிதராகக் கரையேறியவர் அன்று முதன்முதலாக நற்கருணை வாங்கினார். கூடவே பாலும் தேனும் கலந்த கிண்ணம் ஒன்றும் அவர் கைக்கு வந்தது. வாக்களிக்கப்பட்ட நாட்டின் ருசி அது. தண்ணீரில் நின்று அவர் பேசியது ஒரே சொல்லை மூன்று முறை. கேட்கப்பட்ட கேள்விகளோ அங்கிருந்து நெடுந்தூரம் பயணம் புறப்பட்டன.

நான்காம் நூற்றாண்டில் பேரரசர் கான்ஸ்டன்டைன் சபைக்கு ஆதரவாகத் திரும்பியதும் கூட்டம் பெருகியது. இத்தனை பேரும் தண்ணீரில் நின்று என்னவென்று தெரியாமல் தலையாட்டிவிடக் கூடாதே! கேள்விகளின் உள்ளடக்கத்தை ஒரே வாசகமாகக் கோத்து, பாஸ்கா என்னும் உயிர்ப்புத் திருநாளுக்குச் சில வாரங்களுக்கு முன்பே சொல்லிக் கொடுக்கும் வழக்கம் ஊன்றியது. ஆயர் வாயால் சொல்வார். கேட்டவர்கள் நெஞ்சில் பதித்துக்கொண்டு குறித்த நாளில் திருப்பி ஒப்பிக்க வேண்டும். ஹிப்போ நகர ஆயர் அகஸ்டின் இதை எழுதி வைக்கக் கூடாது என்று சொன்னார். தூங்கப் போகும்போதும் எழும்போதும் சொல்லிப் பாருங்கள், கண்ணாடியில் முகம் பார்ப்பதுபோல் அதில் உங்களைப் பாருங்கள் என்றார். எழுதவே கூடாத ஒன்று பிற்காலத்துக்கு எப்படி வந்து சேரும்?

ஒரு வழக்கு வந்து காப்பாற்றியது. இன்று அங்காரா எனப்படும் நகரின் ஆயராக இருந்த மார்செல்லுஸ், தவறான போதனை செய்கிறார் என்ற குற்றச்சாட்டில் பதவியிழந்து, 340-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ரோமுக்கு வந்து நின்றார். என் விசுவாசம் இதுதான் என்று போப் ஜூலியஸுக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதத்தில் ரோமச் சபையின் வாசகம் ஏறக்குறைய முழுமையாக இருந்தது. பிறகு, பிழையான போதனைகளையெல்லாம் திரட்டிப் பெரிய நூல் எழுதிய எப்பிபானியுஸ் அந்தக் கடிதத்தையும் அதில் சேர்த்துக்கொண்டார். அது தப்பிப் பிழைத்தது அப்படித்தான். ஆனால் அதில் இருந்தது என்னவென்று அடையாளம் கண்டு சொல்ல, 1647-இல் ஜேம்ஸ் அஷர் என்ற அயர்லாந்துப் பேராயர் வரவேண்டியிருந்தது.

அதே ரோமில், சில ஆண்டுகள் கழித்து, இன்னொரு காட்சி. விக்டோரினுஸ் பேச்சுக்கலை ஆசிரியர். நகரின் பொதுச் சதுக்கத்தில் அவருக்குச் சிலை வைக்கும் அளவுக்குப் புகழ் பெற்றவர். மனதளவில் நான் கிறிஸ்தவன்தான் என்று நண்பரிடம் ரகசியமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆலயத்தில் பார்த்தால்தான் நம்புவேன் என்றார் நண்பர். சுவர்களா ஒருவனைக் கிறிஸ்தவனாக்கும் என்று சிரித்து மழுப்பிய கிழவர், ஒரு நாள் தானே பெயர் கொடுத்தார். வாசகத்தை ஒப்பிக்கும் நாள் வந்தது. கூச்சப்படுபவர்கள் தனியாகச் சொல்லலாம் என்ற சலுகையைக் குருக்கள் அவருக்கும் தந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். எல்லோரும் பார்க்கும்படி மேடை ஏறியதும் கூட்டம் முழுவதும் அவர் பெயர் முணுமுணுப்பாகப் பரவியது. அவர் வாயெடுத்ததும் அத்தனை பேரும் அடங்கினார்கள். வாழ்நாளெல்லாம் பேச்சை விற்ற மனிதர், தான் எழுதாத சில வரிகளைச் சொல்லி எல்லோரையும் மகிழ வைத்தார். இதைக் கேட்டுத்தான் அகஸ்டினின் நெஞ்சு பற்றிக்கொண்டது என்று அவரே எழுதியிருக்கிறார்.

இவ்வளவு மதிப்பு கூடிய வாசகத்துக்கு ஒரு பூர்வீகம் வேண்டாமா? 404-ஐ ஒட்டி ருஃபீனுஸ் என்பவர், தம் முன்னோர் சொன்னதாக ஒரு கதையை எழுதினார். திருத்தூதர்கள் உலகமெங்கும் பிரிந்து செல்லுமுன் ஒன்றுகூடி இதை இயற்றினார்களாம். பின்னால் வந்தவர்கள் கதையை இன்னும் வளர்த்தார்கள். முதல் வரி பேதுரு சொன்னது, அடுத்தது அந்திரேயா சொன்னது என்று பன்னிருவருக்கும் ஆளுக்கொரு பகுதியாகப் பங்கிட்டார்கள். ஓவியர்கள் ஒவ்வொரு திருத்தூதர் கையிலும் அவரவர் வரி எழுதிய சுருளைக் கொடுத்துத் தீட்டினார்கள். கதை வேரூன்றிய அதே காலத்தில், வாசகம் தன் பழைய வேலையை இழந்துகொண்டிருந்தது.

ஊரே கிறிஸ்தவமான பிறகு கைக்குழந்தைகளே திருமுழுக்குப் பெற்றார்கள். மூன்றாண்டு வகுப்பு மறைந்தது. குழந்தைக்குப் பதிலாக ஞானப்பெற்றோர் பதில் சொன்னார்கள். அவர்களுக்காவது தெரிந்ததா? ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பேரரசர் சார்லமேன் ஒரு திருக்காட்சித் திருநாளில் ஞானப்பெற்றோராக நிற்க வந்தவர்களைச் சோதிக்கச் சொன்னார். பலருக்கு இந்த வாசகமும் தெரியவில்லை, கர்த்தர் கற்பித்த செபமும் தெரியவில்லை. கற்றுக்கொண்டு வரும்வரை குழந்தையைத் தூக்கக் கூடாது என்று தடுத்துவிட்டு, லியேஜ் ஆயருக்குக் கண்டிப்பாக ஒரு கடிதமும் எழுதினார். அதற்குள் வாசகம் ஊர் ஊராகச் சில சொற்றொடர்களைச் சேர்த்துக்கொண்டு நீண்டிருந்தது. ரைஷெனௌ மடத்தை நிறுவிய பிர்மின் என்ற துறவியின் எட்டாம் நூற்றாண்டுக் கையேட்டில் அது முழு உருவத்தில் நிற்கிறது. ஜெபமாலையைக் கையில் எடுத்ததும் முதலில் வாயில் வரும் விசுவாசப் பிரமாணம் அதுதான்.

1438-இல் இத்தாலியின் பெர்ராரா நகரில் கிழக்குச் சபையும் மேற்குச் சபையும் பேச்சுவார்த்தைக்கு உட்கார்ந்தன. மேற்கத்தியர் திருத்தூதர்களின் விசுவாசப் பிரமாணத்தை எடுத்துக்காட்ட, எபேசு நகரத்து மாற்கு என்ற கிரேக்க ஆயர் மறுத்தார். அப்படி ஒன்று எங்களிடம் இல்லை, நாங்கள் பார்த்ததும் இல்லை, திருத்தூதர்கள் இயற்றியிருந்தால் திருத்தூதர் பணிகள் நூல் சொல்லியிருக்குமே என்றார். ஆயிரம் வருடக் கதையில் விழுந்த முதல் விரிசல் அது. 1444-இல் நேப்பிள்ஸில் லொரென்சோ வல்லா என்ற அறிஞர் அதே கதையைக் கேள்வி கேட்டு விசாரணை மன்றத்தில் சிக்கினார். மன்னர் அல்ஃபோன்சோ தலையிட்டதால் தப்பினார். திருத்தூதர்கள் எழுதவில்லை என்றால் எங்கே பிறந்தது?

விடை தெரியாமலே ஒருவர் அதன் பிறந்த வடிவத்தைத் தொட்டுவிட்டார், அதுவும் முத்துக்குளித்துறைக் கடற்கரையில். போர்த்துக்கீசியரின் பாதுகாப்பை நாடிய பரதவர்கள் 1536-ஐ ஒட்டி ஆயிரக்கணக்கில் திருமுழுக்குப் பெற்றிருந்தார்கள். தயாரிப்பு என்று எதுவும் நடக்கவில்லை. 1542-இல் வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்த உள்ளூர்க்காரர்களைக் கூட்டி, விசுவாசப் பிரமாணத்தைத் தமிழாக்கி மனப்பாடம் செய்தார். மொழிபெயர்ப்பில் ஒரு விபத்தும் நேர்ந்தது. விசுவசிக்கிறேன் என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்ற சொல் புகுந்திருந்தது. மக்கள் பல மாதங்கள் அப்படியே சொல்லிவந்தார்கள். சவேரியாருக்கு அது புரிந்ததும், 1544-இல் சக ஊழியர் மான்சிலாஸுக்கு எழுதி மாற்றச் சொன்னார்.

அந்த ஆண்டு ஜனவரியில் கொச்சியிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் வர்ணனை இருக்கிறது. ஆண்களும் பெண்களும் பிள்ளைகளும் கூடுவார்கள். அவர் பிரமாணத்தின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியே சொல்லி, இதை உறுதியாக விசுவசிக்கிறீர்களா என்று கேட்பார். கைகளை நெஞ்சின்மேல் சிலுவைபோல் குறுக்கே வைத்துக்கொண்டு, ஆம், விசுவசிக்கிறோம் என்று எல்லோரும் உரக்கச் சொல்வார்கள். திருமுழுக்குக்கு முன் கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் அங்கே பின்னால் வந்தன. ஆனாலும் வந்துவிட்டன. ரோமின் பழைய தண்ணீர்க் கரையில் அவை எப்படிக் கேட்கப்பட்டன என்று சவேரியார் படித்திருக்க வழியே இல்லை.

வழி 1900-இல்தான் திறந்தது. வெரோனா பேராலய நூலகத்தில் ஒரு தோல் ஏடு இருந்தது. மேலே தெரிந்தது செவில் நகர இசிதோரின் நூல். அதன் அடியில், சுரண்டி அழிக்கப்பட்ட இன்னும் பழைய லத்தீன் எழுத்து மங்கலாகத் தெரிந்தது. எட்மண்ட் ஹௌலர் என்ற அறிஞர் அதை எழுத்தெழுத்தாகப் படித்து வெளியிட்டார். 'திருத்தூதர் மரபு' நூலின் பகுதிகள் அவை. முதல் கேள்வி இருந்த பக்கம் தொலைந்துபோயிருந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் இருந்தன. பிரமாணத்தின் வரிகள் அங்கே ஒப்புவிப்பாக இல்லாமல் கேள்விகளாக நின்றன. தூக்கிப் பார்த்தால் ஈரம் சொட்டும் வரிகள் அவை என்று அறிஞர்களுக்கு உறுதிப்பட்டது.

1951-இல் போப் பன்னிரண்டாம் பயஸ், பகலுக்கு நகர்ந்துபோயிருந்த பாஸ்கா திருவிழிப்பை மீண்டும் இரவில் கொண்டாட அனுமதித்தார். அந்தச் சடங்கில் புதிதாக ஒன்றையும் சேர்த்தார். மக்கள் எரியும் மெழுகுவர்த்தியோடு நிற்க, குரு சாத்தானை விட்டுவிடுகிறீர்களா என்று தொடங்கி, தந்தை, மகன், தூய ஆவி என்று வரிசையாகக் கேட்பார். அதை அந்தந்த ஊர் மொழியிலேயே கேட்கவும் அனுமதி இருந்தது. கைக்குழந்தையாக இருந்தபோது தங்களுக்காக ஞானப்பெற்றோர் சொன்ன பதிலை, வளர்ந்துவிட்ட பிள்ளைகள் அந்த இரவில் தங்கள் வாயாலேயே சொன்னார்கள்.