மொதேராவின் இரண்டாவது சூரியன்

குஜராத்தில் வேலை பார்க்கும் நம்மாட்களுக்கு மொதேரா சூரியன் கோயிலை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்தால் கூட்டிப்போகும் இடங்களில் அதுவும் ஒன்று. சோலங்கி மன்னன் முதலாம் பீமன் காலத்தில், 1026-27 வாக்கில் கட்டியது. தஞ்சைப் பெரிய கோயில் முடிந்து அப்போது பதினாறு, பதினேழு வருடம்தான். கருவறையில் இன்று மூர்த்தியும் இல்லை, பூஜையும் இல்லை.

அந்த ஊரைத்தான் 2022 அக்டோபர் 9 அன்று, நாட்டின் முதல் 24 மணி நேர சூரிய மின்சார கிராமம் என்று பிரதமர் மோடி அறிவித்தார்.

திடீரென்று நடந்ததல்ல இது. குஜராத் 2009-லேயே சூரிய மின் கொள்கை கொண்டுவந்தது. 2012-ல் சாரங்கா சோலார் பூங்கா. அதே வருடம், இதே மெஹ்சானா மாவட்டத்தில் சந்திராசன் அருகே நர்மதா கால்வாய்க்கு மேலே 1 மெகாவாட் சோலார் பலகைகள். ஆனால் எல்லாமே பகல் மின்சாரம். பொழுது சாய்ந்தால் மறுபடி நிலக்கரிதான்.

மொதேராவில் புதுசு எது என்றால், பேட்டரி. பக்கத்து சுஜ்ஜன்புராவில் 6 மெகாவாட் சோலார் நிலையம். 1,300-க்கும் மேற்பட்ட வீட்டு மாடிகளில் ஆளுக்கு 1 கிலோவாட். கூடவே 15,000 யூனிட் பிடிக்கும் பேட்டரி. நல்ல வெயில் நாளில் அந்த நிலையம் தரும் மின்சாரத்தில் ஏறக்குறைய பாதியை அதில் சேர்த்து வைக்கலாம். கோயில் வாகன நிறுத்தத்தில் சோலார் கூரையும், மின் வண்டிகளுக்கு சார்ஜரும் வைத்தார்கள்.

சார்ஜருக்கு எதற்குப் பேட்டரி? ஆபீஸ் முடிந்து ஏழு மணிக்கு வந்துதான் எல்லாரும் வண்டியைச் சொருகுவார்கள். அப்போது வெயில் இருக்காது. ஏசி, மிக்ஸி எல்லாம் ஓடும். 60 கிலோவாட் வேக சார்ஜர் ஒன்று, 5 கிலோவாட் வீடுகள் பன்னிரண்டுக்குச் சமம். டிரான்ஸ்பார்மர் திணறும். மோட்டார் மெதுவாக ஏற்றிய தண்ணீரை மேல்தொட்டி காலையில் எல்லாக் குழாய்க்கும் கொடுக்கிறதே, அந்த வேலையைத்தான் பேட்டரி செய்கிறது.

மொதேராவுக்கு அருகே ஹன்சல்பூரில்தான் 2025 ஆகஸ்ட் 26 அன்று சுசுகியின் ஈ-விட்டாரா உற்பத்தி தொடங்கியது. அதன் பெரிய பேட்டரி 61 யூனிட். மொதேராவின் மொத்தச் சேமிப்பும் அப்படி 245 கார்களுக்குத்தான் வரும்!

1 கிலோவாட் மாடி, நாளுக்கு நாலு யூனிட் சொச்சம் தரும். சின்ன காருக்கு இருபத்தைந்து கிலோமீட்டர். ஆபீஸ் போய்வர நம்மில் பலருக்கு அது போதும். சிக்கல் வேறு. மொதேராக்காரருக்குச் சொந்த மாடி இருந்தது, பலகையை அரசே பொருத்தியும் கொடுத்தது. நாம் இருப்பது வாடகை பிளாட், நாலாவது மாடி.

2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில், வண்டி சார்ஜிங் உள்ளிட்ட பொதுத் தேவைக்குக் குடியிருப்புச் சங்கங்களுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் வைத்தார்கள். நம் மாதிரி ஆட்களுக்கு அதுதான் வாசல். அதைத் திறக்க சொசைட்டி தீர்மானம் போட வேண்டும். வாடகைக்காரனுக்கு ஓட்டு இருக்காது, வாய் இருக்கிறது. அடுத்த மீட்டிங்கில் பேசுங்கள், இந்தி தடுமாறினாலும் பரவாயில்லை.