காப்ரியில் ஒரு நாள்: திபேரியஸ் இருந்த மலை

நேப்பிள்ஸ் வளைகுடாவின் வாயில் இருக்கும் காப்ரி தீவு, மொத்தமே பத்து சதுர கிலோமீட்டர் சொச்சம்தான். போகிறவர்கள் பெரும்பாலும் நீலக் குகையைப் பார்க்கத்தான் போவார்கள். நாங்கள் குடும்பத்தோடு போன அன்று அலை பெரிதாக இருந்ததால் குகைக்குப் படகு விடவில்லை. பேரனுக்கு முகம் வாடிவிட்டது. எனக்கு உள்ளூர சந்தோஷம். நான் பார்க்க நினைத்த இடம் தீவின் கிழக்கு முனையில், மலை உச்சியில் இருந்தது.

ரோமப் பேரரசன் திபேரியஸ் கட்டிய வில்லா ஜோவிஸ் மாளிகை அது. ஊர்ச் சதுக்கத்திலிருந்து முக்கால் மணி நேர ஏற்றம். "ஏனுங்க, இதை ஏறித்தான் ஆகோணுமா?" என்று கேட்டுவிட்டு என் மனைவி மருமகளோடு காப்பிக் கடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மகன், பேரன், நான் மூவரும் ஏறினோம்.

மேலே இப்போது இருப்பது செங்கல்லும் கல்லுமாகச் சுவர்கள்தான். நடுவில் பெரிய பெரிய தொட்டி அறைகள். தீவில் சொல்லிக்கொள்ளும்படி ஊற்று கிடையாது. கூரையில் விழும் மழை நீரைப் பிடித்து இந்தத் தொட்டிகளில் தேக்கித்தான் அரண்மனையே நடந்திருக்கிறது. மழை நீர் சேகரிப்பு என்று நாம் இப்போது சட்டம் போட்டுச் செய்வதை, உலகத்தையே ஆண்டவன் தன் வீட்டில் செய்திருக்கிறான்.

திபேரியஸ் பட்டத்துக்கு வந்தது கி.பி. 14-இல், 54 வயதில். கி.பி. 26-இல் ரோமை விட்டுக் கிளம்பியவர், மறு வருஷம் காப்ரிக்கு வந்து சேர்ந்தார். அதன்பின் சாகும்வரை ரோம் நகருக்குள் கால் வைக்கவே இல்லை. கி.பி. 29-இல் தாய் லிவியா இறந்தபோதுகூடப் போகவில்லை. ஆட்சி முழுவதும் கடிதம் மூலம்தான். ரோமில் அவர் பெயரால் ஆட்டம் போட்ட செஜானஸ் என்ற காவற்படைத் தலைவனின் கதை, கி.பி. 31-இல் காப்ரியிலிருந்து போன ஒரு கடிதத்தால் முடிந்தது. செனட் சபையில் அதைப் படித்தார்கள். அன்றைக்கே ஆளைக் கொன்றுவிட்டார்கள்.

இந்த மலையில் கிழவர் என்னென்ன அசிங்கங்கள் செய்தார் என்று சூட்டோனியஸ் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். ஒரு மீனவன் பெரிய மீன் ஒன்றைப் பரிசாகக் கொண்டு செங்குத்துப் பாறையில் ஏறி வந்தானாம். திடுக்கிட்ட திபேரியஸ் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னாராம். "நல்லவேளை, பிடித்த நண்டைக் கொடுக்கவில்லை" என்று அவன் முனகியது காதில் விழ, நண்டாலும் தேய்க்கச் சொன்னாராம். பேரனுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடித்துவிட்டது. ஆனால் சூட்டோனியஸ் எழுதியது திபேரியஸ் இறந்து சுமார் 80 வருஷம் கழித்து. கதவு சாத்திய வீட்டைப் பற்றித்தான் தெருவில் பேச்சு அதிகம் இருக்கும். அதற்காக அவரை உத்தமர் என்றும் நான் சொல்லமாட்டேன். ராஜத்துரோக வழக்குகளில் எத்தனையோ பேர் செத்தது நிஜம். சொந்தக் குடும்பத்துப் பிள்ளை துரூசஸையே பட்டினி போட்டுக் கொன்றதும் நிஜம்.

முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டிய எனக்கு அவரிடம் மதிப்பு வந்தது வேறு விஷயத்தில். கி.பி. 33-இல் ரோமில் பெரிய பண முடை. கடன் கொடுப்பதற்கு ஜூலியஸ் சீசர் காலத்தில் போட்டு யாரும் மதிக்காமல் கிடந்த ஒரு சட்டத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். வழக்குக்குப் பயந்து லேவாதேவிக்காரர்கள் கொடுத்த கடனையெல்லாம் திருப்பிக் கேட்டார்கள். கடன்காரர்கள் நிலத்தை விற்க ஓடினார்கள், விலை விழுந்தது. லேவாதேவிக்காரர்கள் பணத்தில் மூன்றில் இரண்டு பங்கை நிலத்தில் போட வேண்டும் என்று செனட் உத்தரவு போட்டது. அவர்களோ விலை இன்னும் இறங்கட்டும் என்று பணத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். அப்போது திபேரியஸ் பத்துக் கோடி செஸ்டெர்ஸ் பணத்தை வங்கிக்காரர்கள் மூலம் இறக்கினார். மூன்று வருஷத்துக்கு வட்டியில்லாக் கடன். ஈடாக இரண்டு மடங்கு மதிப்புள்ள நிலம். சந்தை நிமிர்ந்தது. ஈடு வாங்காமல் கொடுக்கவில்லை பாருங்கள், அதுதான் என்னை அசத்தியது.

அவர் முகம் பொறித்த வெள்ளிக்காசுகள் நம் கோயமுத்தூர்ப் பக்கம், வெள்ளலூர் போன்ற ஊர்களில், புதையலாகவே கிடைத்திருக்கின்றன. பின்பக்கம் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள், லிவியா என்பார்கள். பெண்களின் ரத்தினக் கற்களுக்காக நம் செல்வம் அந்நியர்களிடம் போகிறதே என்று கி.பி. 22-இல் இதே திபேரியஸ் செனட்டுக்குக் கடிதம் எழுதினார். காங்கேயம் படியூர்க் கல்லும் அந்தக் கணக்கில் இருந்திருக்கும் என்று பேரனிடம் சொன்னேன். "அப்ப அவரு காசு நம்ம ஊர்லதான் இருக்கா தாத்தா?" என்றான்.

கி.பி. 37 மார்ச் மாதம், எதிர்க்கரையில் மிசேனம் என்ற இடத்தில், 77 வயதில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு நில நடுக்கத்தில் காப்ரியின் கலங்கரை விளக்கம் இடிந்து விழுந்ததாம். சாவுச் செய்தி கேட்டு ரோம் ஜனங்கள் கொண்டாடினார்கள். உடலைத் திபெர் ஆற்றில் எறியச் சொல்லிக் கத்தினார்கள். அவர் கஜானாவில் விட்டுப்போனது 270 கோடி செஸ்டெர்ஸ். அடுத்து வந்த கலிகுலா அதை ஒரு வருஷத்துக்குள் தீர்த்துவிட்டான் என்று எழுதியிருப்பதும் அதே சூட்டோனியஸ்தான்.