காசும் கேஷும்: ஒலியால் இணைந்த இரு சொற்கள்

சூளூர்பேட்டை, தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லையூர். தமிழர் காசுமாலை என்னும் அணியைத் தெலுங்கர் காசுலபேரு என்பர். தெலுங்கில் ஒரு சவரன் பொன்னுக்கும் காசு என்றே பெயர். இச்சொல்லிலிருந்தே ஆங்கிலத்தின் 'கேஷ்' பிறந்தது என்னும் கூற்று தமிழரிடையே பரவலாக உண்டு. அது பாதி உண்மை. மற்றப் பாதியே ஆராயத்தக்கது.

ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' லத்தீனின் 'காப்ஸா' என்னும் சொல்வழி வந்தது. அதன் பொருள் பெட்டி. இத்தாலியத்தில் 'காஸ்ஸா', பிரெஞ்சில் 'கெஸ்' எனத் திரிந்து, பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தை அடைந்தது. முதலில் பணப்பெட்டியையும், பின்னர் அதனுள் இருந்த பணத்தையும் குறித்தது. 'கல்லா கட்டுதல்' என்னும் தமிழ் வழக்கிலும் பெட்டியின் பெயரே வரவைக் குறிப்பது காண்க. காசாளரைக் குறிக்கும் 'கேஷியர்' இக்குடும்பத்தினதே. படையிலிருந்து இழிவுடன் நீக்குதலைக் குறிக்கும் 'கேஷியர்' என்னும் வினையோ டச்சு மொழி வழி வந்த வேறொரு சொல்.

நம் காசின் வரலாறு தனியானது. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் கிளியின் அலகிலுள்ள வேப்பம்பழத்துக்குப் பொற்காசு உவமையாகிறது. வெண்பாவின் ஈற்றுச்சீர் வாய்பாடுகளுள் ஒன்று காசு. குற்றம் என்னும் பொருளும் அதற்குண்டு. முதலாம் இராசராசனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் காசு ஒன்றுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு வட்டி விதிக்கப்பட்டது.

ஐரோப்பியர் வருகைக்குப் பின் இச்சொல் கடல் கடந்தது. போர்ச்சுகீசியர் காசைக் 'கைஷா' என்றனர். அவர்தம் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர். குழப்பம் வேர்கொண்ட இடம் இதுவே. சூளூர்பேட்டையை அடுத்த ஏரியின் தென்முனையில், பழவேற்காட்டில், 1613இல் கெல்டிரியா கோட்டையை எழுப்பிய டச்சுக்காரர்கள் செப்புக்காசு அடித்தனர். தரங்கம்பாடியில் டேனியரும் 'காஸ்' எனப் பெயர் பொறித்து வெளியிட்டனர். சென்னையில் ஆங்கிலேயக் கம்பெனியின் கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். சோழர் காலத்தில் கோயில் நிவந்தங்களைத் தாங்கிய காசு, ஒரு வராகனுக்கு 3,360 என்னும் அளவுக்குச் சிறுத்துவிட்டது. பர்மிங்காமின் சோஹோ அக்கசாலையில் 1808இல் அடிக்கப்பட்ட 10, 20 காசு நாணயங்களைச் சென்னைக்குக் கொண்டுவந்த 'அட்மிரல் கார்ட்னர்' கப்பல், 1809இல் இங்கிலாந்துக் கரையருகே மூழ்கியது. அந்நாணயங்களில் ஆங்கில எழுத்தில் பொறிக்கப்பட்ட 'கேஷ்', பெட்டியன்று, நம் காசே.

கீழ்த்திசையிலும் அது பயணித்தது. சதுரத்துளையுடைய சீனச் செப்பு நாணயத்தை ஆங்கிலேயர் இன்றும் 'கேஷ்' என்கின்றனர். சீனரோ தம் நாணயத்தை அவ்வாறு அழைத்ததில்லை. போர்ச்சுகீசியர் வாய்வழிச் சென்ற தமிழ்ச்சொல் அது.

ஆக, ஆங்கில அகராதியில் 'கேஷ்' ஒரு சொல்லன்று. ஒலியொப்புமையால் அருகருகே நிற்கும் வெவ்வேறு சொற்கள். காசின் மூலத்தை அவ்வகராதிகள் 'கர்ஷம்' என்னும் வடமொழி எடைப்பெயரோடு இணைக்கின்றன. அதுவும் ஒலியொப்புமையைக் கடந்த சான்றுகளால் சோதிக்கப்பட வேண்டியதே. ஒலி ஐயத்தை எழுப்பலாம். தீர்ப்பு வழங்க வழித்தடம் வேண்டும். வங்கியின் 'கேஷ்' தமிழன்று என ஒப்புவதால் தமிழுக்கு இழப்பில்லை. சீன நாணயத்துக்கே பெயர் தந்த சொல்லுக்குக் கடன்வாங்கிய பெருமை எதற்கு?