பல்முளைப் பொடியும் சிவந்த பிஞ்சுக் கைகளும்

பச்சிளங் குழந்தைக்குத் தன் நோவைச் சொல்ல மொழி இல்லை. அதன் உடலுக்கு நேர்ந்த தீங்கைச் சில வேளைகளில் தோலே முதலில் அறிவிக்கிறது. அவ்வறிவிப்பின் பொருளை உணர்வதற்கு மருத்துவ உலகுக்குப் பல்லாண்டுகள் ஆயின என்பதை 'இளஞ்சிவப்பு நோய்' எனப்பட்ட பிணியின் வரலாற்றில் நாம் காண்கிறோம்.

குழந்தைகளின் காய்ச்சலுக்கும் வயிற்றுப்போக்குக்கும், ஏன், மரணத்திற்கும்கூடப் பல் முளைப்பதே காரணம் என்று 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பலர் நம்பினர். ஆகவே, அப்பருவத்தில் ஊட்டுவதற்கென்றே பொடிகள் கடைகளில் விற்கப்பட்டன. பேதி மருந்தாகப் பயன்பட்ட கலோமல் என்னும் பாதரச உப்பு அவற்றில் கலந்திருந்தது. நன்மை கருதியே தாய்மார் அதனை ஊட்டினர்.

1914-இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஹாரி ஸ்விஃப்ட் இந்நோயை விவரித்தார். குழந்தையின் கைகளும் பாதங்களும் சிவந்து வீங்கும், தோல் உரியும், அரிப்புத் தாளாமல் குழந்தை ஓயாது அழும், வெளிச்சத்தைக் கண்டு கூசும், உணவை மறுக்கும். இறந்த குழந்தைகளும் உண்டு. கிருமியே காரணம் என்றனர் சிலர். ஊட்டச்சத்துக் குறைவு என்றனர் வேறு சிலர். பொடியின்மீது ஐயம் எழாமைக்குக் காரணம் இருந்தது. அதனை உட்கொண்ட குழந்தைகளுள் ஏறத்தாழ 500-க்கு ஒன்றே இந்நோய்க்கு ஆளாயிற்று.

1945-இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில், ஜோசப் வார்க்கனி என்னும் குழந்தை மருத்துவர் நோயுற்ற குழந்தை ஒன்றின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்பினார். அதில் பாதரசம் மிகுதியாக இருந்தது. டொனால்ட் ஹப்பர்டுடன் இணைந்து மேலும் பல குழந்தைகளை ஆராய்ந்து, 1948-இல் முடிவுகளை வெளியிட்டார். மருத்துவர் அனைவரும் அதனை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், 1954-இல் பிரிட்டனின் முதன்மையான தயாரிப்பாளர்கள் பொடியிலிருந்து கலோமலை நீக்கினர். அதன்பின் சில ஆண்டுகளில் அந்நோயும் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அண்டை வீட்டுக் குழந்தைக்கு ஒத்துக்கொண்ட மருந்து நம் குழந்தைக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதி இல்லை. மருந்து கொடுத்தபின் மேனியில் சிவப்போ தடிப்போ கண்டால், தாமதியாது மருத்துவரை நாடுவோம். கடை மருந்து, கைமருந்து, பூசிய தைலம் என நாம் கொடுத்த ஒவ்வொன்றையும் மறைக்காமல் அவரிடம் சொல்வோம். பேச இயலாத குழந்தைக்காக நாம் சொல்லவேண்டிய சாட்சியம் அதுவே.