மிங்கஸ் செல்லோவை விட்ட கதை

புனேவுக்கு வந்து பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஆபீஸ் போக ஒரு மணி நேரம், திரும்ப ஒன்றரை மணி நேரம். பாட்டுக் கேட்பதெல்லாம் அப்போதுதான். ராஜா பாட்டில் அடியில் ஓடும் பாஸ் கிடாரை மட்டும் தனியாகப் பிடித்துக் கேட்கும் கிறுக்கு எனக்கு உண்டு (வீட்டம்மா இதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்). அந்தக் கிறுக்குதான் என்னை சார்லஸ் மிங்கஸிடம் கொண்டுபோய் விட்டது. அமெரிக்க ஜாஸ்காரர். ஆள் உயரத்துக்கு நிற்குமே, டபுள் பாஸ், அதுதான் அவர் வாத்தியம்.

1922-ல் அரிசோனாவில் பிறந்தவர். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலஸின் வாட்ஸ் பகுதியில். வீட்டில் சர்ச் பாட்டு மட்டும்தான். ஒருநாள் அப்பாவின் ரேடியோவில் டியூக் எலிங்டன் காதில் விழ, பையன் அதோடு மாட்டிக்கொண்டான்.

முதலில் டிராம்போன், அப்புறம் செல்லோ. செல்லோவில் நல்ல ஆர்வம். ஆனால் நொட்டேஷனை யாரும் ஒழுங்காகச் சொல்லித்தரவில்லை. காதால் கேட்டே ஒப்பேற்றினான். அப்போதுதான் நண்பன் பட்டி காலெட் (பின்னாளில் பெரிய சாக்ஸபோன் கலைஞர்) ஒரு யோசனை சொன்னான். கறுப்பனுக்கு சிம்பொனியில் இடம் கிடையாது, செல்லோவைக் கட்டிக்கொண்டு என்ன செய்வாய், பாஸ் எடு என்று. நல்லெண்ணத்தில் சொன்னதுதான். அன்றைய நிலவரத்துக்குச் சரியும்கூட. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

என் பெண் வயலினா கீபோர்டா என்று கேட்டபோது, "கீபோர்டு எடும்மா, சொசைட்டி விழாவில் கூப்பிடுவாங்க" என்றேன். அப்போது எனக்கு மிங்கஸைத் தெரியாது.

பாஸை ரெட் காலண்டரிடம் கற்றார். பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில் வாசித்திருந்த ஹெர்மன் ரைன்ஸ்ஹேகனிடம் ஐந்து வருஷம். இசையமைப்புக்கு லாயிட் ரீஸ். இருபது வயதுக்குள் 'தி சில் ஆஃப் டெத்', 'ஹாஃப் மாஸ்ட் இன்ஹிபிஷன்' என்று முழு ஆர்கெஸ்ட்ராவுக்கான உருப்படிகளை எழுதிவிட்டார். வாசிக்கத்தான் ஆளில்லை.

1943-ல் லூயி ஆம்ஸ்ட்ராங் குழு, 1947-ல் லயனல் ஹாம்ப்டன் குழு. ஹாம்ப்டன் இவருடைய 'மிங்கஸ் ஃபிங்கர்ஸ்' என்ற உருப்படியைப் பதிவும் செய்தார். அப்புறம்? தபால் பட்டுவாடா! வயிற்றுப்பாடு ஐயா. 1950-ல் ரெட் நோர்வோ தன் மூவர் குழுவுக்குக் கூப்பிட்ட பிறகுதான் அதிலிருந்து விடுதலை. 1951-ல் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். 1952-ல் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து டெப்யூ என்று சொந்த இசைத்தட்டு கம்பெனியே தொடங்கினார். மற்றவர் கதவைத் தட்டி அலுத்திருக்கும் போல.

'தி சில் ஆஃப் டெத்' இசைத்தட்டாக வெளிவர 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 'ஹாஃப் மாஸ்ட் இன்ஹிபிஷன்' கொஞ்சம் அதிர்ஷ்டக்காரப் பிள்ளை, 1960-லேயே பதிவாகிவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட கலைஞர்கள், கன்தர் ஷுல்லர் நடத்த, எட்டு நிமிஷ உருப்படி. மிங்கஸுக்கு வயது 38. நேற்று டிராஃபிக்கில் நின்றபடி இரண்டு தடவை கேட்டேன். அதில் ஒரு செல்லோ வருகிறது. வாசித்தவர் சார்லஸ் மெக்ராக்கன். பாஸில் மிங்கஸ்.