லோதி காலனிச் சுவரும் கண்ணகி நகர்ச் சுவரும்

இந்தியாவில் தெருவோவியம் என்று பேச்செடுத்தால் முதலில் வரும் பெயர் டெல்லியின் லோதி காலனி. சென்னையில் அதே பேச்சு கண்ணகி நகரில் போய் நிற்கும். இரண்டும் அரசாங்கம் கட்டிய குடியிருப்புகள். இரண்டு இடத்திலும் வரைய ஏற்பாடு செய்தது 2014-இல் டெல்லியில் தொடங்கப்பட்ட ஸ்டார்ட் இந்தியா ஃபவுண்டேஷன். பெயிண்ட் தந்து துணை நின்றது ஏஷியன் பெயின்ட்ஸ். லோதியில் 2015, 2016 வாக்கில் பரவலாக வரையத் தொடங்கினார்கள். கண்ணகி நகருக்கு 2020 தொடக்கத்தில் வந்தார்கள். அமைப்பும் பெயிண்டும் வேலை செய்யும் முறையும் ஒன்றாக இருப்பதால் இந்த இரண்டையும் ஒப்பிடுவது எளிது. மிச்சமிருக்கும் வித்தியாசம் சுவரிலும் சுவருக்குப் பின்னால் குடியிருப்பவர்களிடமும்தான் இருக்கிறது.

முதலில் லோதி. 1940களில், வெள்ளைக்காரர்கள் புது டெல்லியில் கடைசியாகக் கட்டிய குடியிருப்பு இது. அரசு ஊழியர்களுக்கான குவார்ட்டர்ஸ். உயரம் அதிகமில்லை. தெருவைப் பார்த்த பக்கத்தில் ஜன்னல்கள் குறைவு, வெறும் சுவர் அதிகம். இரண்டு கட்டடங்களுக்கு நடுவே உயரமான வளைவு வாசல். அதன் வழியே உள்ளே போனால் பொது முற்றம், துணி உலர்த்தும் கொடி, குளிர்காலத்தில் வெயில் காய இழுத்துப் போட்ட கயிற்றுக் கட்டில். வீட்டு வாழ்க்கை முழுவதும் உள்பக்கமாகவே நடக்கிறது. தெருவுக்குக் கிடைப்பது அகலமான நடைபாதை, முற்றிய மரங்கள், மரங்களுக்குப் பின்னால் நீளமான வெற்றுச் சுவர். ஓவியர் ஒருவரிடம் உனக்கு எப்படிப்பட்ட தெரு வேண்டும் என்று கேட்டிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார். நடந்துபோகிறவர் நின்று பார்க்க இடமிருக்கிறது, பின்னால் நகர்ந்து முழுச் சுவரையும் கண்ணில் வாங்கத் தூரமிருக்கிறது. ஜன்னல் வந்து முகத்தின் மூக்கில் உட்காரும் தொல்லையும் குறைவு.

அதனால்தான் லோதி ஓவியங்கள் நன்றாக வந்திருக்கின்றன. கன்னா மார்க்கெட்டுக்கும் மெகர்சந்த் மார்க்கெட்டுக்கும் இடையில் இப்போது ஐம்பதுக்கு மேற்பட்ட சுவர்கள் தேறும். ஜப்பானில் பிறந்த லேடி ஐகோ ஜான்சி ராணியைத் தன் பாணியில் வரைந்துவிட்டுப் போனார். இத்தாலிக்காரரான ஆண்ட்ரேகோ பருவநிலை மாற்றத்தைச் சுவரில் ஏற்றினார். என்னைக் கேட்டால் அத்தனையிலும் சிறந்தது, பெயிண்டே அதிகம் தேவைப்படாத ஒன்று. டாகு என்ற பெயரில் முகம் காட்டாமல் இயங்கும் கலைஞரின் வேலை அது. ஆங்கில எழுத்துகளைச் சுவரிலிருந்து வெளியே நீட்டியபடி பொருத்தியிருக்கிறார். நேராகப் பார்த்தால் எழுத்து பிடிபடாது. வெயில் மேலிருந்து விழும்போது நிழல் சுவரில் இறங்கிச் சொற்களாகும். காலம் எதையெல்லாம் மாற்றும் என்று ஒரு பட்டியல். காலையில் சாய்ந்து கிடக்கும் சொல், நேரம் ஏற ஏற நிமிர்ந்து, பிறகு நீண்டு கலைந்துபோகும். மேகம் மூடினால் வெறும் சுவர். டெல்லியின் மூடுபனி மாதங்களில் அங்கே போய் ஏமாறுகிறவர்களும் உண்டு.

அந்தச் சுவருக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள்? மத்திய அரசு ஊழியர்கள். தமிழ்க் குடும்பங்களும் தலைமுறை தலைமுறையாக இருந்திருக்கின்றன; பக்கத்திலேயே லோதி எஸ்டேட்டில் டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளி இருக்கிறது. ஆனால் யாருக்கும் அந்த வீடு சொந்தமில்லை. பணி ஓய்வோ மாற்றலோ வந்தால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். சுவர் அரசாங்கத்துடையது, பராமரிப்பது மத்தியப் பொதுப்பணித் துறை. ஆகவே ஓவியம் நன்றாக இருந்தால் பெருமை, பிடிக்கவில்லை என்றால் சில வருடம் பொறுத்துக்கொள்ளலாம். மாலையில் கல்யாண ஜோடிகளை வைத்துப் படமெடுக்க கேமராக்காரர்கள் வந்து வாசலை மறித்துக்கொண்டு நிற்பதுதான் அவர்களுக்கு இருக்கும் பெரிய தொந்தரவு. லோதியில் வசிப்பவர் தன் முகவரியைச் சொல்ல ஒருநாளும் தயங்கியதில்லை. ஓவியம் வருவதற்கு முன்பும் அப்படித்தான்.

இனி கண்ணகி நகர். பழைய மகாபலிபுரம் சாலையில், ஒக்கியம் துரைப்பாக்கத்தை ஒட்டி, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் கட்டி எழுப்பிய ஊர். வாரியத்தின் பெயர் 2021-இல் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று மாறியது. சென்னை வாய்க்கு இன்னமும் அது ஹவுசிங் போர்டுதான். ஒட்டிய எழில் நகரையும் சேர்த்தால் சுமார் 23,000 வீடுகள். கூவம் கரை, பக்கிங்ஹாம் கால்வாய்க் கரை, நகர நடுவிலிருந்த குடிசைப் பகுதிகள், சுனாமி பாதித்த கடற்கரைக் குப்பங்கள் என்று பல இடத்திலிருந்து லாரியில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார்கள். 1970-இல் தொடங்கிய அதே வாரியம் ஆரம்ப காலத்தில் குடிசை இருந்த இடத்திலேயே அடுக்குமாடி கட்டிக் கொடுத்தது என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். மெரினா பக்கம் போனால் அந்தக் காலத்துக் கட்டடங்களைப் பார்க்கலாம். நிலம் விலையேறியபின் வாரியத்தின் கண் ஊருக்கு வெளியே திரும்பியது. வந்தவர்களுக்கு வேலை, பள்ளி, ஆஸ்பத்திரி, சொந்தம் எல்லாம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் நின்றுவிட்டன.

முதலில் கட்டிய வீடுகள் 200 சதுர அடிக்கும் குறைவு. இந்த அளவைக் காகிதத்தில் படித்தால் உறைக்காது. ஓர் அறை, அதன் மூலையில் சமையல் மேடை, கழிப்பறை. மகனுக்குக் கல்யாணம் ஆனால் பீரோவைக் குறுக்கே இழுத்துப் போட்டு, மேலே புடவை கட்டி, அறையை இரண்டாக்குவார்கள். மற்றவர்கள் நடையிலோ மொட்டை மாடியிலோ படுப்பார்கள். குடம் வைக்க உள்ளே இடமில்லை. அதனால் பச்சை, நீலம், ஆரஞ்சு பிளாஸ்டிக் குடங்கள் வாசல் தோறும் வரிசை கட்டி நிற்கும். லோதியில் வாழ்க்கை உள்முற்றத்துக்குள் ஒதுங்குகிறது என்றேன். இங்கே உள்ளே இடமில்லாததால் அத்தனையும் வெளியே வழிகிறது.

தரைத்தளத்துக்காரர் கை சும்மா இருப்பதில்லை. தகர ஷீட்டை முன்னால் இறக்கி, நான்கு சவுக்குக் கட்டையை நட்டு, நாலடி சேர்த்துக்கொள்கிறார். அதில் ஒரு கடை. தோரணமாய்த் தொங்கும் ஷாம்பூ பாக்கெட், ஃபிரிட்ஜில் இட்லி மாவு, மிட்டாய் பாட்டில், மேலே குலதெய்வப் படம். பக்கத்தில் ஒருவர் ஜன்னலை வாசலாக்கியிருப்பார். மாடிக்காரருக்கு அந்த வசதி கிடையாது. அவர் நடையின் கைப்பிடிச் சுவரில் தொட்டி வைத்துத் துளசி வளர்ப்பதோடு சரி. சட்டம் இதை ஆக்கிரமிப்பு என்கிறது. என் கண்ணுக்கு இது வரைபடத்தில் விட்டுப்போனதை மக்கள் தாங்களே திருத்தி எழுதுவதாகத்தான் படுகிறது. கட்டடக் கலை படிக்கிறவர்கள் இந்தத் தகர நீட்டல்களை அளந்து பார்த்தால், ஒரு குடும்பத்துக்கு உண்மையில் எத்தனை அடி தேவை என்பது தெரிந்துவிடும்.

இந்த இடத்துக்குத்தான் 2020-இல் மாநகராட்சியும் வாரியமும் சேர்ந்து ஓவியர்களைக் கூட்டி வந்தன. சென்னைக்காரரான ஏ-கில், ஓஷீன் சிவா, ஸ்பெயினிலிருந்து அன்டோனியோ மரெஸ்ட் போன்றவர்கள் வரைந்தார்கள். சாலையைப் பார்த்த பக்கச் சுவர்களில் மாடி உயரத்துக்குச் சிரிக்கும் குழந்தை முகங்களும் வண்ணக் கோலங்களும் எழுந்தன. சென்னையின் முதல் கலைப் பகுதி என்று செய்தித்தாள்கள் எழுதின. பெயிண்ட் காய்ந்த கையோடு மார்ச்சில் ஊரடங்கு வந்து, பார்க்க வர இருந்தவர்களை வீட்டில் உட்கார வைத்துவிட்டது வேறு கதை.

இங்கே ஓவியத்துக்குக் கொடுத்த வேலை லோதியில் கொடுத்ததைவிடப் பெரியது. கண்ணகி நகர் என்றால் வெளியில் ஒரு கெட்ட பெயர். வேலைக்கு மனுப் போடும் இளைஞர்கள் முகவரியில் துரைப்பாக்கம் என்று மட்டும் எழுதி நிறுத்திக்கொள்வது பழைய வழக்கம். சில கிலோமீட்டருக்குள் கண்ணாடி கண்ணாடியாக ஐ.டி. கட்டடங்கள்; அவற்றைத் துடைத்துப் பெருக்கப் போகிறவர்களில் பலர் இந்த நகர்ப் பெண்கள். அந்தப் பெயரை மாற்றத்தான் சுவரில் வண்ணம் ஏறியது. லோதியின் ஓவியத்துக்கு அழகாக இருந்தால் போதும். கண்ணகி நகர் ஓவியம் ஓர் ஊரின் மானத்தைச் சுமக்க வேண்டும் என்று எதிர்பார்த்தோம். சுவருக்கு இது கொஞ்சம் அதிகச் சுமைதான்.

தண்ணீரும் பேருந்தும் கேட்டவர்களுக்கு ஓவியமா என்று அப்போதே சிலர் கேட்டார்கள். அந்தக் கேள்வியோடு நான் பாதிதான் உடன்படுவேன். ஏழைக்கு வயிறு மட்டும்தான், கண் கிடையாது என்பது போன்ற எண்ணம் அதில் ஒளிந்திருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையைப் போன்ற ஒரு முகம் ஐம்பதடி உயரத்தில் சிரிப்பதைப் பார்த்து வளரும் குழந்தைக்கு அது சின்ன விஷயமில்லை. அந்த முகங்கள் இந்த ஊர்க்காரர்களின் சாயலில் இருப்பதே, லோதியின் பெரும்பாலான சுவர்களைவிட இவற்றுக்கு ஒரு படி மேலான இடத்தைத் தருகிறது. லோதியில் வரைந்ததைக் கழற்றி மும்பையில் வைத்தாலும் பொருந்தும். சிரிக்கும் இந்த முகங்களை வேறெங்கும் வைக்க முடியாது.

ஆனால் கண்ணகி நகரில் அதற்கு முன்பே பொதுக்கலை இருந்தது என்பதை யாரும் சொல்லவில்லை. மார்கழியில் நடையில் போடும் கோலம், அம்பேத்கர் படம் வரைந்த நுழைவுப் பலகை, ஆடிக்கு வேப்பிலைத் தோரணம் கட்டிய சின்ன அம்மன் கோயில், மஞ்சள் நீராட்டுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஃபிளெக்ஸ், தேர்தலுக்கு முன் கட்சிக்காரர் பிடித்து வைத்த சுவர். வெள்ளையடித்து, மூலையில் கட்சிப் பெயரும் வருடமும் எழுதிவிட்டால் அடுத்தவன் தொடமாட்டான். 1959-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இப்படிச் சுவரைக் கெடுப்பதைத் தடுக்க இருந்தும் இந்த நாணயம் செல்லுபடியாகிறது. அந்தச் சுவர்களில் சின்னம் வரைந்த பெயின்டர்களின் பிழைப்பை டிஜிட்டல் பேனர் பறித்துக்கொண்டது. ஸ்டார்ட் இந்தியாவை நிறுவியவர்களில் ஒருவரும் 2024-இல் மறைந்தவருமான ஹனிஃப் குரேஷி, வட இந்தியத் தெருப் பெயின்டர்களின் எழுத்துகளைத் தேடித் தொகுத்து எழுத்துருவாக்கியவர். அவருடைய ஆர்வம் சென்னையின் சைன்போர்டு பெயின்டர்கள் பக்கமும் திரும்பியிருந்தால் கண்ணகி நகரின் சுவர்கள் இன்னும் கொஞ்சம் தமிழ் பேசியிருக்கும்.

கெட்ட பெயர் மாறியதா? கொஞ்சம் மாறியது, அதற்கு ஓவியம் மட்டும் காரணமில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் கபடி அணியின் துணைத் தலைவி கார்த்திகா இந்த ஊர்ப் பெண். கண்ணகி நகர் கார்த்திகா என்று ஊர்ப் பெயரோடு சேர்த்தே தமிழ்நாடு அவரை அழைத்தது. ஐந்து வருடமாகச் சுவர்கள் செய்ய முயன்றதை ஒரு வாரத்தில் செய்து முடித்தது அந்த ஒரு பதக்கம்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பார்கள். லோதியின் சுவர் எண்பது வருடம் தாங்கியிருக்கிறது. சுற்றிலும் உள்ள சரோஜினி நகர், நேதாஜி நகர் போன்ற ஏழு அரசுக் குடியிருப்புகளை மறுகட்டுமானம் செய்ய 2016-இல் முடிவானபோது அந்தப் பட்டியலில் லோதி இல்லை. சென்னையில் என்ன நடந்தது? வாரியம் புளியந்தோப்பு கே.பி. பூங்காவில் கட்டிய புத்தம் புது அடுக்குமாடியில், 2021-இல் விரலால் சுரண்டினாலே சிமென்ட் பூச்சு உதிர்ந்தது. மக்கள் அதைக் காட்டிய வீடியோ ஊர் முழுக்கச் சுற்றியது. கண்ணகி நகரிலும் கழிவுநீர்க் குழாய் ஒழுகிச் சுவர் ஊறும் இடத்தில் பெயிண்ட் கொப்பளித்து எழும். உப்புக் காற்றும் ஐப்பசி மழையும் சேர்ந்தால் எந்த எமல்ஷனும் சில வருடத்தில் வெளுத்துவிடும்.

லோதியில் ஓவியத்தின் வேலை முடிந்தது. அது ஒரு வெற்றி. குறையொன்றுமில்லாத இடத்துக்கு நகை போட்டார்கள், பொருந்தியது. கண்ணகி நகரில் அது நல்ல தொடக்கம், அவ்வளவுதான். வாரியத்துக்கு ஒரு வேண்டுகோள்: இந்தச் சுவர்களுக்கு மறுபடி வண்ணம் பூசும் நாள் நெருங்கிவிட்டது. தூரிகை எடுக்கும் முன் ஒழுகும் குழாய்களை மாற்றுங்கள், அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குக் கூலி கொடுத்து வரையச் சொல்லுங்கள். அடுத்த குடியிருப்பை, மக்கள் இப்போது இருக்கும் இடத்திலேயே கட்டுங்கள்.