அரிப்புக் கரையில் ஒரு மாடி வீடு

நேயர்களே, மன்னார்த் தீவை விட்டுப் பெருநிலத்தின் கரையோரமாகத் தெற்கே செல்வோர், முசலிப் பகுதியில் அரிப்பு என்னும் ஊரை அடைவர். அங்கே, கடலை நோக்கிய மேட்டின் விளிம்பில், இடிந்த செங்கற் சுவர்கள் சில நிற்கின்றன. ஊரார் அவற்றை அல்லிராணிக் கோட்டை என்று வழங்குவர். அல்லியின் கதை மிகப் பழையது. கட்டடமோ அத்துணைப் பழையதன்று. பிரித்தானியர் காலத்தின் முதலாவது தேசாதிபதியான பிரடெரிக் நோர்த், முத்துக்குளிப்பைப் பார்வையிட வரும் வேளைகளில் தாம் தங்குவதற்கென்று, 1801ஆம் ஆண்டுக்கும் 1804ஆம் ஆண்டுக்கும் இடையில் எழுப்பிய மாளிகை அது. கிரேக்கரின் டொரிக் பாணித் தூண்களும் மேல்மாடியும் கொண்டு, முத்துப்படகுகள் நிறைந்த கடலைப் பார்த்து நின்றது.

தேசாதிபதியிடம் வீட்டின் வரைபடத்தைக் காட்டும்படி கேட்கும் சபை எதுவும் அந்நாளில் இருக்கவில்லை. கடலிலிருந்து இவ்வளவு தூரம் தள்ளிக் கட்டுக என்று பணிக்கும் சட்டமும் இருக்கவில்லை. அவர் விரும்பிய இடத்தில் விரும்பிய உயரத்தில் மாளிகை எழுந்தது. பின்னர் கடல் மேட்டின் அடியைக் குடைந்தது. சுவர்கள் பகுதி பகுதியாகச் சரிந்தன. ஊரின் பெயரும் கடலின் செயலும் ஒரே சொல்லாய் அமைந்ததை எண்ணிப் பார்க்காமல் அவ்விடத்தை விட்டு வருதல் அரிது.

இன்று நம்மவர் ஒருவர் தம் வீட்டின்மேல் ஒரு மாடி ஏற்ற விரும்பினால், கொத்தனாரைத் தேடுமுன் நகர சபைக்கோ பிரதேச சபைக்கோ செல்லவேண்டும். உறுதி, நிலஅளவை வரைபடம், கட்டட வரைபடம் ஆகியவற்றுடன் மனுக்கொடுக்கவேண்டும். “என் காணி, என் பணம், என் வீடு, இதற்கு ஏன் அனுமதி?” என்று அவர் கேட்பது இயல்பே. இதற்கு வரலாறு விடை தருகிறது.

1914ஆம் ஆண்டிலே கொழும்பு மாநகரில் கொள்ளைநோய் தோன்றியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான வீடுகளில் வாழ்ந்தோர் பட்ட துன்பத்தை அந்நோய் எல்லார் கண்ணுக்கும் காட்டியது. அடுத்த ஆண்டில், 1915இன் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பிறந்தது. அது செல்லுபடியாகும் இடங்களில் புதிதாகக் கட்டுவதற்கு மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தை மாற்றுவதற்கும் எழுத்திலான அனுமதி வேண்டும் என்றாயிற்று. கட்டிமுடித்த பின்னர், அனுமதித்தபடியே கட்டப்பட்டது என்னும் சான்றிதழும் பெறவேண்டும். 1946இல் நகர, நாட்டுப்புறத் திட்டமிடற் சட்டமும், 1978இல் நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டமும் வந்தன. 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டம் கடலையே கணக்கில் எடுத்தது. சராசரி உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்பக்கமாக 300 மீற்றர் வரையுள்ள பகுதி கரையோர வலயம் எனப்பட்டது. அவ்வலயத்தில் கட்டடம் எழுப்புவோர் அச்சட்டத்தின்கீழும் அனுமதி பெறவேண்டியவராயினர். அரிப்பு மாளிகை எழுந்து ஏறத்தாழ நூற்றெண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே இந்தப் பாடம் சட்டமாயிற்று.

மன்னார்த் தீவு பெரும்பாலும் மணல் நிலம். ஒரு மாடிக்கென்று இட்ட அத்திவாரம் இரண்டாம் மாடியின் பாரத்தைத் தாங்குமா என்பது முதற் கேள்வி. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் நம் கரையையும் தாக்கிற்று. அத்தகைய காற்றுக்கு உயர்ந்த சுவர் ஈடுகொடுக்குமா என்பது இரண்டாவது. மூன்றாவது, நிலத்தின் கீழ் உள்ளது. இங்கே நன்னீர் உப்புநீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கிறது, கிணறுகள் ஆழமற்றவை. மாடியில் இன்னொரு குடும்பம் குடியேறினால் மலக்குழியின் சுமையும் கூடும். அது அயலவர் கிணற்றையும் கெடுக்கும். எனவே, அனுமதி என்பது அதிகாரியின் தயவன்று. அயலவர் சார்பிலும் வருங்காலத்தார் சார்பிலும் கேட்கப்படும் கேள்வியாகும்.

ஆயினும், கேட்பவருக்கும் கடமையுண்டு. மேல்மாடி கேட்பவர் எல்லாரும் ஆடம்பரம் நாடுவோர் அல்லர். மூத்த மகளுக்குச் சீதனமாகக் கீழ்வீட்டைக் கொடுத்த தந்தை, இளைய மகளுக்கு மேலேதான் இடம் காணவேண்டியிருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். போர்க்காலத்தில் தமிழ் மக்களும் பலமுறை இடம்பெயர்ந்தார்கள். 2009இல் போர் முடிந்த பின்னர் திரும்பியவர்களின் பிள்ளைகள் வளர்ந்திருந்தார்கள்; காணி வளரவில்லை. உறுதிகளை இழந்தவர்களும் உளர். இவர்களை மாதக்கணக்கில் அலையவைத்தால், அனுமதியின்றிக் கட்டும் எண்ணமே வளரும். எந்தத் தாள் குறைகிறது, அதனை எங்கே பெறலாம், வரைபடத்தில் எதைத் திருத்தவேண்டும் என்பனவற்றை முதல் நாளிலேயே தெளிந்த தமிழில் எழுதிக் கொடுப்பது சபைகளின் கடமை.

நேயர்களே, மாடி ஏற்ற எண்ணுவோர் ஒருமுறை அரிப்புக்குச் சென்று வாருங்கள். தேசாதிபதியின் பதவியும் பணமும் காக்காத சுவர்களை அங்கே காணலாம். பின்னர் ஊர் திரும்பி, வரைபடத்துடன் சபைக்குச் செல்லுங்கள். அங்கே கேட்கப்படும் கேள்விகளுக்கு வீட்டிலிருந்தே விடை தேடிக்கொண்டு போங்கள். அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் உங்கள் மக்களல்லவா?